ஈயவெள்ளையும் மெழுகுவத்தி வெளிச்சமும்

2003ஆம் ஆண்டில், லண்டன் மாநகரில் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள சதர்க் பகுதியில், டாபர்ட் சதுக்கம் என்னும் இடத்தில் ரோமானியர் காலத்துக் கோயில் வளாகம் ஒன்றை அகழ்ந்துகொண்டிருந்த தொல்பொருள் ஆராய்ச்சியாளர்கள், பழைய வடிகால் ஒன்றின் சேற்றுக்குள்ளிருந்து, மூடி சற்றும் நெகிழாமல் இறுகிக் கிடந்த வெள்ளீயச் சிமிழ் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். கிறிஸ்துவுக்குப் பிற்பட்ட இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததென்று கணிக்கப்பட்ட அந்தச் சிமிழை லண்டன் அருங்காட்சியகத்தில் வைத்துத் திறந்தபோது, உள்ளே வெண்ணிறக் களிம்பு கெடாமல் இருந்ததோடு, அதைக் கடைசியாக எடுத்துப் பூசிக்கொண்டவரின் விரல் தடமும் அதன்மேல் அப்படியே பதிந்திருந்தது. பத்திரிகைகளெல்லாம் அந்த விரல் தடத்தையே பெரிதாக வியந்து எழுதின. ரசாயன நூல் வல்லார்க்கோ அந்தக் களிம்புதான் அதைவிடப் பெரிய வியப்பை வைத்திருந்தது.

பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் எவர்ஷெட் என்பவரும் அவருடைய சகாக்களும் அதனைப் பகுத்தாராய்ந்து, 2004ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். ஆடு மாடு போன்ற அசைபோடும் பிராணியின் கொழுப்பு நூற்றுக்கு 40 பங்கு, மாச்சத்து 40 பங்கு, வெள்ளீயத்தின் ஆக்ஸைடு 15 பங்கு என்பது ஏறத்தாழ அதன் சேர்மானம். இவ்வளவோடு நின்றிருந்தால் அது நல்லதோர் ஆராய்ச்சிக் கட்டுரையாக மட்டும் இருந்திருக்கும். அவர்கள் இன்னும் ஓர் அடி முன்னே வைத்து, அதே பதார்த்தங்களை அதே அளவில் கலந்து புதிதாக ஒரு களிம்பு செய்து, அதைத் தோலில் தேய்த்தும் பார்த்தார்கள். தேய்த்த மாத்திரத்தில் கொழுப்பு உடற்சூட்டில் உருகிச் சருமத்தில் இழைந்துவிட, மாச்சத்து பின்தங்கி, பிசுபிசுப்பில்லாத மெல்லிய பொடிபோன்ற மென்மையைத் தந்தது. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மருந்துக் கலவைக்காரர், இக்காலத்து அலங்காரக் களிம்புகளைச் செய்கிறவர்கள் எந்தக் காரணத்துக்காக மாச்சத்தைச் சேர்க்கிறார்களோ, அதே காரணத்துக்காகவே அதைச் சேர்த்திருக்க வேண்டும் என்பது இப்படித் தேய்த்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. சேர்மானப் பட்டியலை எத்தனை முறை படித்தாலும் தெரிந்திராது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. மாச்சத்து தானே வெண்மையான பொருளாயிற்றே. அது நூற்றுக்கு நாற்பது பங்கு இருக்கும்போது, வெள்ளீயத்தை நெருப்பிலே காய்ச்சி அதன் ஆக்ஸைடை எடுத்துச் சேர்க்கும் சிரமம் எதற்காக? அரிசிமாவையோ சீமைச்சுண்ணாம்புப் பொடியையோ சிறிது எண்ணெயில் குழைத்துப் பார்த்தவர்கள் இதற்கு விடையைக் கண்ணாலேயே கண்டிருப்பார்கள். உலர்ந்திருந்தபோது பளிச்சென்றிருந்த வெண்மை, எண்ணெய் பட்டவுடனே மங்கி, அழுக்குச் சாம்பல் நிறமாகி, அடியிலுள்ள தட்டின் நிறத்தையே காட்டத் தொடங்கிவிடும்.

வெண்மை என்பது ஒரு பொருளுக்குள்ளே குடியிருக்கும் குணமன்று. ஒளிக்கிரணம் ஓர் ஊடகத்திலிருந்து வேறோர் ஊடகத்துக்குள் புகும் எல்லையில், அவ்விரண்டின் ஒளிவிலகல் எண்களுக்கும் எவ்வளவு வேற்றுமை இருக்கிறதோ அதற்கேற்ப ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. எண்ணற்ற நுண்துகள்களின் எண்ணற்ற எல்லைகளில் இவ்வாறு திரும்பித் திரும்பிச் சிதறி, எல்லா நிறங்களும் சமமாகக் கலந்து வெளியே வரும் ஒளியையே நாம் வெண்மை என்கிறோம். காற்றின் ஒளிவிலகல் எண் 1. மாச்சத்தினுடையது சுமார் 1.53. ஆகவே உலர்ந்த மாவின் ஒவ்வொரு துகளும், தன்மேல் நேராக விழும் ஒளியில் நூற்றுக்கு நான்கு பங்குக்குச் சற்று அதிகமாகத் திருப்பியனுப்புகிறது. அதே துகளை 1.47 எண்ணுள்ள எண்ணெயிலோ கொழுப்பிலோ அமிழ்த்திவிட்டால், வேற்றுமை ஏறக்குறைய மறைந்து, திரும்பும் பங்கு பத்தாயிரத்துக்கு நான்காகக் குறைந்துவிடுகிறது. சீமைச்சுண்ணாம்பின் கதியும் ஏறத்தாழ இதுவே. காரீயத்திலிருந்து செய்து முகத்தில் பூசப்பட்டுவந்த ஈயவெள்ளையின் எண்ணோ சுமார் 2; கொழுப்புக்குள்ளே மூழ்கிக் கிடந்தாலும் அது நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் திருப்பியனுப்பும். வெள்ளீய ஆக்ஸைடின் எண்ணும் அதே 2ஐ ஒட்டியதுதான் என்பதைக் கவனித்தால், சதர்க் சிமிழின் ரகசியம் விளங்கிவிடுகிறது. ஒளிவிலகல் என்னும் பேச்சையே கேட்டிராத அந்தக் கலவைக்காரர், ஈயவெள்ளையின் இடத்தை நிரப்பக்கூடிய, ஆனால் உடம்பில் கரையாத, தீங்கு செய்யாத ஒரு பொருளைக் கையனுபவத்தாலேயே தேர்ந்தெடுத்திருக்கிறார். ஈயத்தின் தீமை அக்காலத்தில் ஓரளவு உணரப்பட்டிருந்ததாலும், பிரிட்டனின் கார்ன்வால் பிரதேசத்தில் வெள்ளீயம் ஏராளமாகக் கிடைத்ததாலும் அவர் இதை நாடியிருக்கலாம்.

ஆனால் உலகம் அவரைப் பின்பற்றவில்லை. வெண்முகத்தின் சரித்திரம் பெரும்பாலும் ஈயவெள்ளையின் சரித்திரமாகவே இருந்தது.

அதைச் செய்யும் முறை மிகப் பழமையானது. அரிஸ்டாட்டிலின் மாணாக்கரான தியோஃப்ராஸ்டஸ், கிறிஸ்துவுக்கு முன் 300ஆம் ஆண்டை ஒட்டி, காரீயக் கட்டிகளைப் புளித்த காடிக்கு மேலே மண்கலங்களில் அடைத்துவைத்து, சில தினங்கள் கழித்து அவற்றின்மேல் படிந்த பூஞ்சைபோன்ற வெள்ளைப் படிவைச் சுரண்டி, மீண்டும் அடைத்து, மீண்டும் சுரண்டி, அரைத்து, நீரில் காய்ச்சித் தெளியவைக்கும் விதத்தை எழுதிவைத்திருக்கிறார். பிற்காலத்து ஒல்லாந்தர்கள் அந்தக் கலங்களைக் குதிரைச் சாணத்துக்குள் புதைத்தார்கள். சாணம் புளிக்கும்போது எழும் உஷ்ணமும் கரியமில வாயுவும் வேலையை விரைவுபடுத்தின. காடியின் ஆவி ஈயத்தை அரித்து ஈய அசிடேட்டாக்க, கரியமில வாயு அதைக் கார்பனேட்டும் ஹைட்ராக்ஸைடும் சேர்ந்த கூட்டுப்பொருளாக மாற்றிவிடுகிறது. வெனிஸ் நகரத்து ஈயவெள்ளைக்கு ஐரோப்பா முழுவதும் தனி மதிப்பு இருந்தது. மற்ற இடங்களில் விற்பனையானதில் சீமைச்சுண்ணாம்பு கலந்திருப்பது சகஜம். அப்படிக் கலந்ததை எண்ணெயில் குழைத்தால் கலப்படத்தின் பங்குக்கேற்ப வெண்மை குறையும் என்பதை மேலே சொன்ன கணக்கிலிருந்தே வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

இவ்வளவு விஷமான பொருளை மக்கள் ஏன் இரண்டாயிரம் ஆண்டுகளுக்குமேல் விடாமல் பூசிக்கொண்டார்கள் என்று கேட்பது சுலபம். அறியாமையால் என்று பதில் சொல்வதும் சுலபம். ஆனால் அது சரியான பதில் அன்று. மிலான் நகரத்து ஓவியர் லொமாட்ஸோ 1584ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓவிய நூலை, ரிச்சர்ட் ஹேடாக் 1598இல் ஆங்கிலமாக்கியபோது, ஈயவெள்ளையும் பாதரச உப்பும் முகத்துக்குச் செய்யும் கேடுகள் அங்கே அச்சில் வந்துவிட்டன. 1616இல் தாமஸ் டியூக் என்னும் பாதிரியார் முகப்பூச்சைக் கண்டித்துத் தனி நூலே எழுதினார். தெரிந்தும் பூசிக்கொண்டார்கள் என்றால், அந்தப் பொருள் வேறெதுவும் தராத ஏதோ ஒன்றைத் தந்திருக்க வேண்டும். அது என்ன என்பதுதான் சோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம்.

இங்கேதான் நம்முடைய கற்பனை நம்மை ஏமாற்றுகிறது. முதலாம் எலிசபெத் அரசியார் என்றவுடனே, சுண்ணாம்படித்த சுவர்போன்ற முகம் ஒன்று நம் கண்முன் வருகிறது. 1562ஆம் ஆண்டு அக்டோபரில் அவருக்குப் பெரியம்மை கண்டது உண்மை. அதன் தழும்புகளை மறைக்கத் தடிப்பான ஈயப்பூச்சு பூசினார் என்னும் கதைக்கோ ஆதாரம் மிகச் சொற்பம். 1600ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவர் முகத்தில் பூச்சு சில இடங்களில் அரை அங்குலக் கனம் இருந்ததாக ஒரு ஜெசூட் பாதிரியார் எழுதிய கடிதம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இக்காலத்தில் வெயில் காப்புக் களிம்புகளைச் சோதிக்கிறவர்கள் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அதுவே தாராளமான பூச்சு, அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். அரை அங்குலம் என்பது அதைப்போல அறுநூறு மடங்குக்கு மேல். அந்தக் கனத்தில் எந்தக் களிம்பும் எந்த முகத்திலும் நிற்காது. கடிதம் எழுதியவர் அரசியாரின் சமயத்துக்கு விரோதியாயிருந்தார் என்பதை மட்டும் நினைவில் கொள்வோம்.

ஓவியங்களைச் சாட்சிக்கு அழைக்கலாம் என்றால், அவையும் நம்பத்தக்க சாட்சிகளாக இல்லை. 1575ஆம் ஆண்டை ஒட்டி வரையப்பட்ட, ‘டார்ன்லி ஓவியம்’ என்று பெயர்பெற்ற எலிசபெத்தின் சித்திரத்தை லண்டனின் தேசிய உருவப்படக் காட்சிசாலையினர் ஆராய்ந்தபோது, முகத்தில் ரோஜா நிறம் தருவதற்காக ஓவியர் சேர்த்திருந்த செஞ்சாயம் காலப்போக்கில் வெளுத்துப்போயிற்று என்பது புலப்பட்டது. சாயம் போய்விட, அதோடு கலந்திருந்த ஈயவெள்ளை மட்டும் மாறாமல் நிற்கிறது. நாம் அரசியாரின் முகப்பூச்சு என்று எண்ணிப் பார்ப்பதில் பெரும்பகுதி ஓவியரின் கிண்ணத்திலிருந்த ஈயவெள்ளையே. இந்த வேடிக்கையை ஓவிய நூல்கள் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆக, அந்த முகங்கள் உண்மையில் எப்படி இருந்தன என்று அறிய, பழைய ஏட்டுக் குறிப்புகளின்படி பூச்சைச் செய்து, தோலின்மேல் தடவிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஈயத்தை உயிருள்ள மனிதர்மேல் தடவுவதோ கூடாத காரியம். கனடாவில் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியரான ஃபியோனா மக்நீல், இறைச்சிக்காக வளர்க்கப்பட்ட பன்றியின் தோலை இதற்குப் பயன்படுத்தினார். மனிதச் சருமத்துக்கு மிக நெருங்கிய பொருள் பன்றித்தோல் என்பது மருத்துவ ஆராய்ச்சியில் பழகிய செய்தி. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பழைய குறிப்புகளின்படி செய்த ஈயப்பூச்சுகளில் பல, எதிர்பார்த்தபடி பிசாசு முகத்தைத் தரவில்லை. ஒளியை மெல்லப் பரப்பி, தோலின் சிறு குற்றங்களை மழுப்பி, பட்டுப்போன்ற மெருகோடு, ஏறக்குறைய இயற்கையாகவே தோன்றின. குறிப்புக்குக் குறிப்பு வேற்றுமையும் இருந்தது. தோலுக்குள் புகும் ஈயத்தின் அளவுகூட எதோடு கலந்தார்கள் என்பதைப் பொறுத்து மாறியது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜில் பர்க் என்னும் கலைவரலாற்று ஆசிரியையும் வில்சன் பூன் என்னும் இயற்பியலாளரும் சேர்ந்து மறுமலர்ச்சிக் காலத்து அலங்காரக் குறிப்புகளை இவ்வாறே மறுபடியும் செய்து பார்த்து வருகிறார்கள்.

இந்த மெருகுக்குக் காரணம் ஈயவெள்ளைத் துகள்களின் உருவிலே இருக்கிறது. அவை அறுகோணத் தகடுகளாகப் படிகமாகின்றன. சிறியதும் பெரியதுமாகக் கலந்திருக்கின்றன. ஒளியை ஓரளவு திருப்பியும் ஓரளவு உள்ளே விட்டும் விடுவதனால், அடியிலுள்ள சருமத்தின் உயிர்நிறம் பூச்சின் ஊடாகக் கொஞ்சம் தெரிந்துகொண்டே இருக்கிறது. கொழுப்போடு சேரும்போது ஈயம் மெல்ல அதோடு வினைபுரிந்து ஒருவகைச் சவர்க்காரமாகவும் ஆகிறது. ஈய ஆக்ஸைடையும் ஒலிவ எண்ணெயையும் காய்ச்சிப் பழைய வைத்தியர்கள் புண்ணுக்குப் பிளாஸ்திரி செய்ததும் இதே வினையைக் கொண்டுதான். எனவே பூச்சு தோலோடு நன்றாக ஒட்டிக்கொண்டது. சிலர் அதன்மேல் முட்டையின் வெள்ளைக்கருவைத் தடவிப் பளபளப்பேற்றினார்கள். அது காய்ந்து இறுகிய பிறகு வாய்விட்டுச் சிரித்தால் விரிசல் விடும்.

விஷம் இத்தனைக்கும் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. முறியாத தோலின் வழியாக ஈயம் அதிகம் புகுவதில்லை. உதட்டின் வழியும், விரலின் வழியும், மூச்சோடு போகும் பொடியின் வழியுமே அது பெரும்பாலும் உடம்பை அடைகிறது. அடைந்தபின் சுண்ணாம்புச் சத்தைப்போல நடித்து எலும்பில் குடியேறி, அங்கே பல ஆண்டுகள் தங்கிவிடுகிறது. குருதியின் செந்நிறப் பொருள் உண்டாவதைத் தடுத்துச் சோகையை வரவழைக்கிறது. அழகுக்குப் புகழ்பெற்ற கோவென்ட்ரி பிரபுவின் மனைவி மரியா கன்னிங் 1760ஆம் ஆண்டில் இளம் வயதிலேயே இறந்தபோது பழி ஈயப்பூச்சின்மேல் விழுந்தது. காசநோய் காரணமாயிருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு.

சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சியம் ஜப்பானிலிருந்து வருகிறது. 692ஆம் ஆண்டில் கான்ஜோ என்னும் பௌத்த பிக்ஷு ஈயவெள்ளை செய்து ஜிதோ பேரரசிக்குச் சமர்ப்பித்து வெகுமதி பெற்றதாக அந்நாட்டுப் பழைய சரித்திர நூல் கூறுகிறது. ‘ஓஷிரோய்’ எனப்படும் அந்த வெண்பூச்சு அரண்மனையிலிருந்து இறங்கி, கெய்ஷாக்களின் கழுத்துக்கும் கபுகி நடிகர்களின் முகத்துக்கும் வந்துசேர்ந்தது. 1887ஆம் ஆண்டில் வெளிவிவகார மந்திரியாயிருந்த இனோவே கவோருவின் மாளிகையில் மெய்ஜி சக்கரவர்த்தியின் முன்னிலையில் கபுகி நாடகம் நடந்தபோது, யோஷிட்ஸுனே வேடமிட்டிருந்த நான்காம் நாகமுரா ஃபுகுசுகேயின் கால் மேடையிலேயே நடுங்கத் தொடங்கியது. நாட்பட்ட ஈயநஞ்சே காரணமென்று தெரிந்ததும் நாடெங்கும் அது பேச்சாயிற்று. ஈயம் கலவாத பூச்சு 1904இல் கடைக்கு வந்தது. ஆனாலும் பழைய பூச்சு போகவில்லை, ஏனெனில் அதுபோல் ஒட்டுவதும் படிவதும் வேறெதற்கும் இல்லை என்று பூசிப் பழகியவர்கள் கூறினார்கள். 1923ஆம் ஆண்டில் கியோட்டோவின் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஹிராய் இகுதாரோ, மூளைக்காய்ச்சலென்று பெயரிட்டுவந்த ஒரு சிசு நோய், தாய்மார் கழுத்திலும் மார்பிலும் பூசிய ஈயவெள்ளையால் வருவதென்று நிரூபித்தார். 1930களின் நடுப்பகுதி வரையில் அது ஜப்பானியக் கடைகளை விட்டு முற்றிலும் நீங்கவில்லை.

ஈயத்துக்கு மாற்றாக வந்தவற்றுள் பிஸ்மத் உப்பு ஒன்று. முத்துவெள்ளை என்று அது பத்தொன்பதாம் நூற்றாண்டில் விற்பனையாயிற்று. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு பட்டால் அது கறுத்துவிடும். கந்தக ஊற்றுகளில் நீராடப் போன சீமாட்டி கறுத்த முகத்தோடு வெளியே வந்த கதையை அக்காலத்தவர் ரசித்துச் சொல்லிக்கொண்டார்கள். துத்தநாக ஆக்ஸைடு கறுக்காது, அதன் ஒளிவிலகல் எண்ணும் 2தான். பிறகு வந்தது டைட்டேனியம் டை ஆக்ஸைடு. 1916ஆம் ஆண்டை ஒட்டி நார்வேயிலும் அமெரிக்காவிலும் அதன் உற்பத்தி தொடங்கியது. அதற்கு மூலமான இல்மனைட் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கருமணலாகக் கிடக்கிறது. அந்தக் கரிய மணலிலிருந்து மிக வெண்மையான நிறப்பொருள்களுள் ஒன்று பிறக்கிறது.

ரூட்டைல் என்னும் வகைக்கு ஒளிவிலகல் எண் 2.7. கொழுப்புக்குள்ளிருந்தும் நூற்றுக்கு எட்டுப் பங்குக்குமேல் திருப்பியனுப்பும் இந்தப் பொருளைத்தான், சரித்திர நாடகத்துக்கும் திரைப்படத்துக்கும் வெண்முகம் தீட்டுகிறவர்கள் பாதுகாப்பானதென்று கையிலெடுக்கிறார்கள். பாதுகாப்பு உண்மையே; களிம்பாகக் குழைத்துப் பூசும்வரையில் அச்சமில்லை. ஆனால் ஈயவெள்ளையின் அளவிலேயே இதையும் போட்டால், அது ஒளியை உள்ளே விடாமல் தடுத்து, சருமத்தின் உயிர்நிறத்தை அடியோடு மறைத்து, முகமூடியாகிவிடுகிறது. அளவைக் குறைத்து மெல்லியதாகப் பூசினாலோ, ஒரு மைக்ரானில் கால் பங்கேயுள்ள அதன் துகள்கள் நீலக்கிரணங்களை அதிகமாகச் சிதறச்செய்து, மாநிறத் தோலின்மேல் சாம்பல்பூத்த நீலச் சாயலைக் காட்டுகின்றன. நாம் அரசியார் எலிசபெத்தின்மேல் சுமத்தும் பிசாசு முகம், சரியாகச் சொன்னால், இருபதாம் நூற்றாண்டு டைட்டேனியத்தின் முகமே.

சரியான பூச்சைத் தேடுகிறவர் செய்ய வேண்டிய சோதனையும் இதிலிருந்தே பிறக்கிறது. வர்ணத் தொழிற்சாலைகளில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமான அட்டையின்மேல் ஒரே கனத்தில் வர்ணத்தை இழுத்து, இரு பாதிகளும் எவ்வளவு வேறுபட்டுத் தெரிகின்றன என்று பார்ப்பார்கள். முகப்பூச்சுக்கு அந்த வேற்றுமை முற்றும் மறையக் கூடாது. கறுப்பு சற்றே தெரிய வேண்டும். டைட்டேனியத்தை மிகச் சிறிதாக்கி, துத்தநாக ஆக்ஸைடை முதன்மையாக்கி, எஞ்சியதை அரிசி மாச்சத்தால் நிரப்பி, நீலச் சாயலை வெல்லச் செங்காவிப் பொடியும் மஞ்சட்காவிப் பொடியும் துளித்துளியாகச் சேர்த்து, தகடு வடிவ மெருகுக்கு அபிரகப் பொடியையும் கலந்தால், ஈயவெள்ளையின் தோற்றத்துக்கு ஓரளவு நெருங்கலாம். முன்கையின் உட்புறத்தில் தடவி, ஒருநாள் விட்டுத் தடிப்போ அரிப்போ இல்லையென்று கண்டபின்னரே முகத்துக்கு ஏற்றவேண்டும் என்பது எந்தக் கலவைக்கும் பொருந்தும்.

இத்தனை செய்தும், மின்விளக்கின் கீழே கண்ணாடியைப் பார்த்து முடிவுகட்டினால் சோதனை பாதியில் நின்றதாகும். பகலொளியின் வண்ண வெப்பநிலை 5500 கெல்வினுக்கு மேல். மெழுகுவத்தியினுடையது 1900 மட்டில். மெழுகுவத்தியின் ஒளியில் நீலம் மிகக் குறைவு, செம்மை மிக அதிகம். அந்த மங்கலில் முகபாவம் பின்வரிசைக்குத் தெரிய வேண்டுமானால் முகம் ஒளியை வாரித் திருப்ப வேண்டும். 2014ஆம் ஆண்டு ஜனவரியில், ஷேக்ஸ்பியரின் குளோப் அரங்கத்தோடு சேர்ந்ததாக லண்டனில் திறக்கப்பட்ட சாம் வானமேக்கர் அரங்கில், பெரும்பாலும் தேன்மெழுகு வத்திகளின் ஒளியிலேயே நாடகங்கள் நடக்கின்றன. மறுமலர்ச்சிக் கால நாடகங்களில் முகப்பூச்சின் இடத்தை ஆராய்ந்த ஃபரா கரீம்-கூப்பர், உள்ளரங்க மேடைகளில் பூச்சின் மினுமினுப்பே முக்கியமாயிருந்தது என்று எழுதியிருக்கிறார். அசையும் சுடரில் அந்த மினுக்கும் அசைகிறது. பகலில் எண்ணெய் வழிவதாகத் தோன்றும் முகம் அங்கே உயிரோடு தோன்றுகிறது.

கன்னச்சிவப்பின் சங்கதியும் இதுவே. செம்மை நிறைந்த ஒளியில் வெண்ணிறமும் செந்நிறமும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைத் திருப்புவதனால், இரண்டுக்குமுள்ள வேற்றுமை குறைந்து, சிவப்பு வெளிறித் தெரியும். வெர்சாய் அரண்மனைச் சீமாட்டிகள் கன்னத்தில் அவ்வளவு தாராளமாகச் சிவப்பேற்றியதற்கு நாகரிகத்தோடு இந்தப் பௌதிகமும் காரணமாயிருக்கலாம். ஒத்திகை அறையின் குழல்விளக்கில் பார்த்து அந்தச் சிவப்பைத் துடைத்துவிடச் சொல்லும் நாடக இயக்குநரை, எத்தனை பெரியவராயிருந்தாலும், முதலில் மெழுகுவத்தி அரங்கின் கடைசி வரிசையில் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும்.